நிசானும் திஷ்ரியும் எங்கிருந்து வந்தன?

யூதர்களின் ஆண்டில் மிகப் புனிதமான நாள் யோம் கிப்பூர். அவர்களுடைய நாள்காட்டியில் அது திஷ்ரி மாதம் 10ஆம் தேதி. ஆனால் மோசேயின் ஐந்து நூல்களையும் வரி வரியாகத் தேடினாலும் திஷ்ரி என்ற சொல் அகப்படாது. லேவியராகமம் அந்த நாளை ஏழாம் மாதம் பத்தாம் தேதி என்றுதான் குறிக்கிறது. எகிப்திலிருந்து விடுதலை பெற்றதை நினைக்கும் பஸ்கா பண்டிகைக்கு முதலாம் மாதம் பதினாலாம் தேதி மாலை. ஐந்து நூல்கள் மட்டுமல்ல, எபிரேய பைபிள் முழுவதிலுமே திஷ்ரி இல்லை. இயார், ஆவ், மார்ஹெஷ்வான் என்ற மாதங்களும் இல்லை. தம்மூஸ் என்ற பெயர் ஒரே ஒரு இடத்தில் வருகிறது, அதுவும் மாதமாக அல்ல. மீதி ஏழு பெயர்கள், அதாவது நிசான், சீவான், எலூல், கிஸ்லேவ், தேவேத், ஷெவாத், அதார் ஆகியவை, பைபிளின் பிற்கால நூல்களில் மட்டும் தலைகாட்டுகின்றன.

யூத மரபு இதை என்றுமே மறைத்ததில்லை. கி.பி. 400 வாக்கில் தொகுக்கப்பட்ட எருசலேம் தல்மூத் என்ற யூதச் சட்ட விவாதத் தொகுப்பு, ரபி ஹனினா என்ற அறிஞரின் கூற்றாக இதைச் சொல்லிவிடுகிறது: மாதங்களின் பெயர்கள் பாபிலோனிலிருந்து அவர்களோடு கூடவே வந்தன. அதே இடத்தில் ரேஷ் லாகிஷ் என்ற இன்னொரு அறிஞர், மிகாயேல், கபிரியேல் போன்ற தேவதூதர்களின் பெயர்களும் அங்கிருந்துதான் வந்தன என்கிறார். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்கள் திரும்பி வரும்போது கொண்டுவந்த பெயர்கள் என்பது இதன் பொருள்.

அந்தக் கூற்று உண்மைதான். ஆனால் அது பாதிக் கதை. கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் மண்ணிலிருந்து வெளிவந்த களிமண் பலகைகளையும் பாப்பிரஸ் சுருள்களையும் பானை ஓடுகளையும் பக்கத்தில் வைத்து பைபிளின் தேதிகளைப் படித்தால், மீதிப் பாதியும் தெரிகிறது. இந்தப் பெயர்கள் மதத்தின் வழியாக நுழையவில்லை. கடன் பத்திரம், குத்தகைச் சீட்டு, அரசாங்கக் கடிதம் என்று அன்றாடக் காகித வேலையின் வழியாகத்தான் நுழைந்தன. கோயிலும் பண்டிகையும் பல காலம் கழித்துத்தான் அவற்றை ஏற்றுக்கொண்டன.

பாபிலோனுக்கு முன்பு

1908இல் கெசேர் என்ற பழைய நகரத்தைத் தோண்டிக்கொண்டிருந்த அயர்லாந்துத் தொல்லியலாளர் மெக்காலிஸ்டருக்கு ஒரு சிறிய சுண்ணாம்புக்கல் பலகை கிடைத்தது. உள்ளங்கையில் அடங்கக்கூடியது. கி.மு. 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இப்போது இஸ்தான்புல் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் பொறித்திருப்பது ஓர் ஆண்டின் விவசாய வேலைகள்: விளைச்சலைச் சேர்க்க இரண்டு மாதம், விதைக்க இரண்டு மாதம், பின்விதைப்புக்கு இரண்டு மாதம், ஆளிச் செடி வெட்ட ஒரு மாதம், பார்லி அறுக்க ஒரு மாதம், அறுத்து அளக்க ஒரு மாதம், திராட்சைக் கொடி கவாத்து செய்ய இரண்டு மாதம், கோடைப் பழங்களுக்கு ஒரு மாதம். கூட்டினால் பன்னிரண்டு. ஆண்டு இலையுதிர் காலத்தில் தொடங்குகிறது என்பதையும் கவனிக்க வேண்டும்; பின்னால் தேவைப்படும்.

இவற்றை மாதப் பெயர்கள் என்று சொல்ல முடியாது. வேலையைச் சொல்லிக் காலத்தைக் குறிக்கும் பழக்கம், அவ்வளவுதான். பைபிளில் வரும் ஆபிப் மாதமும் இந்த வகைதான். தமிழ் பைபிள் படிப்பவர்களுக்கு யாத்திராகமத்திலிருந்து இந்தப் பெயர் பழக்கம். எகிப்திலிருந்து புறப்பட்டது ஆபிப் மாதத்தில் என்று அது சொல்கிறது. ஆபிப், எபிரேய உச்சரிப்பில் அவிவ், என்றால் பால் பிடித்து முற்றத் தொடங்கிய பச்சைப் பார்லிக் கதிர். எகிப்தைக் கல்மழை அழித்தபோது பார்லி இந்தப் பருவத்தில் இருந்தது என்று அதே நூல் வேறோரிடத்தில் சொல்லும்போதும் இதே சொல்தான் வருகிறது. ஆக, கதிர் விட்ட மாதம் என்பது ஒரு வர்ணனை.

உண்மையான பெயர்கள் என்று சொல்லத்தக்கவை மூன்று: சீவ், ஏத்தானீம், பூல். மூன்றும் ஒரே இடத்தில்தான் வருகின்றன. 1 இராஜாக்கள் 6, 8 அதிகாரங்களில், சாலொமோன் எருசலேமில் கோயில் கட்டிய கணக்கில். சீவ் மாதத்தில் அடிக்கல், பூல் மாதத்தில் வேலை முடிவு, ஏத்தானீம் மாதத்தில் பிரதிஷ்டை விழா. சீவ் என்றால் ஒளி, மலர்ச்சி. ஏத்தானீம் என்றால் வற்றாத ஓடைகள். கோடை முடிந்து சிற்றோடைகள் எல்லாம் காய்ந்து கிடக்கும்போதும் ஓடிக்கொண்டிருப்பவை.

அந்தக் கோயிலைக் கட்ட மரமும் கைவினைஞர்களும் எங்கிருந்து வந்தார்கள்? தீரு நகரத்து அரசன் ஈராமிடமிருந்து என்று அதே நூல் சொல்கிறது. தீரு பினீசியர்களின் துறைமுகம். 1855இல் பக்கத்துப் பினீசிய நகரமான சீதோனில் எஷ்முனாசார் என்ற அரசனின் கல் சவப்பெட்டி கிடைத்தது. இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் அதன் கல்வெட்டு, பூல் மாதத்தில், எஷ்முனாசார் ஆட்சியின் 14ஆம் ஆண்டில் என்றுதான் தொடங்குகிறது. ஏத்தானீம் சைப்ரஸ் தீவின் பினீசியக் கல்வெட்டில் வருகிறது. ஆக, இவை கானான் கடற்கரையின் பொதுப் பெயர்கள். இரவல் பெயர்கள் எபிரேயருக்குப் பாபிலோனில்தான் முதன்முதலாகக் கிடைத்தன என்று நினைக்க வேண்டியதில்லை.

இதில் இன்னும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்த அத்தியாயங்களில் மூன்று பெயர்களும் விளக்கத்தோடுதான் வருகின்றன: பூல் மாதமாகிய எட்டாம் மாதத்தில், சீவ் மாதமாகிய இரண்டாம் மாதத்தில். பழைய கணக்கைப் பிற்காலத்தில் நகலெடுத்த எழுத்தருக்கு, தன் வாசகர்களுக்குப் பெயர் மட்டும் சொன்னால் புரியாது என்று தெரிந்திருக்கிறது. அதற்குள் எண்தான் வழக்கமாகிவிட்டது.

எண் வழக்கம் வேதப் புத்தகத்துக்குள் மட்டும் இருந்ததா என்று கேட்டால், இல்லை. நெகேவ் பாலைவன ஓரத்தில் அராத் என்று ஒரு கோட்டை உண்டு. அங்கே பானை ஓடுகளில் மையால் எழுதிய கடிதங்கள் கிடைத்தன. கி.மு. 600 வாக்கில், அதாவது எருசலேம் விழுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு எழுதப்பட்டவை. கோட்டையின் பண்டகசாலையைப் பார்த்துக்கொண்ட எலியாஷீப் என்பவருக்கு வந்த உத்தரவுகள்: கூலிப்படையினருக்கு இவ்வளவு திராட்சரசம் கொடு, இவ்வளவு எண்ணெய் அனுப்பு. அவற்றில் ஒன்றில் தேதி வருகிறது: பத்தாம் மாதத்துக்கு, மாதத்தின் முதல் தேதியிலிருந்து ஆறாம் தேதி வரை. யூதா நாட்டு அரசாங்கச் சரக்குக் கணக்கு எண்ணில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பெயர் நுழைந்த வழி

கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் எருசலேமின் அரசனையும் மேட்டுக்குடியையும் பாபிலோனுக்குக் கொண்டுபோனார். 586இல் கோயில் எரிந்தது, இன்னொரு கூட்டம் போனது. போனவர்கள் எல்லோரும் சிறையில் அடைபட்டுக் கிடக்கவில்லை. பலரைக் கால்வாய்ப் பாசன நிலங்களில் குடியேற்றினார்கள். யூதா ஊர் என்று பொருள்படும் ஆல் யாஹுது என்ற ஊரே இருந்தது. அந்த ஊரையும் அக்கம்பக்கத்தையும் சேர்ந்த ஏறக்குறைய 200 ஆப்பெழுத்துப் பலகைகள் கிடைத்திருக்கின்றன. மிகப் பழையது கி.மு. 572. யாவே என்ற தெய்வப் பெயரைத் தாங்கிய மனிதர்கள் அவற்றில் நிலம் குத்தகைக்கு எடுக்கிறார்கள், வரி கட்டுகிறார்கள், கடன் வாங்குகிறார்கள்.

அந்தக் காலத்துப் பாபிலோனியக் கடன் பத்திரத்துக்கு ஓர் அச்சு உண்டு. யார் யாருக்கு என்ன தர வேண்டும், எந்த மாதத்தில் தர வேண்டும், சாட்சிகள் யார், எழுதியவர் யார், கடைசியில் ஊர், மாதம், தேதி, அரசனின் ஆட்சி ஆண்டு. பார்லிக் கடன் என்றால் அறுவடையாகும் ஐயாரு மாதத்தில் திருப்ப வேண்டும் என்று பொதுவாக எழுதுவார்கள். பேரீச்சைக் கடன் என்றால் இலையுதிர் காலத்தில். இந்த இடத்தில் இரண்டாம் மாதம் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டு இருக்கலாம்தான். ஆனால் எழுத்தர் எழுதுவது ஐயாரு, சாட்சிகள் கேட்பது ஐயாரு, தவணை தப்பினால் கடன்காரன் வந்து கேட்பதும் ஐயாரு. ஒரு தலைமுறை விவசாயம் பார்த்தால் போதும், அந்தச் சொல் வாயில் ஒட்டிக்கொள்ளும். இயார் என்று யூதர்கள் இன்று சொல்வது அந்த ஐயாருவைத்தான்.

ஆனால் வாயில் ஒட்டியது எழுத்தில் உடனே ஏறவில்லை. பைபிளின் தேதிகளைக் கால வரிசையில் அடுக்கிப் பார்த்தால் அது கண்கூடாகத் தெரிகிறது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இது.

எசேக்கியேல் பாபிலோனிலேயே வாழ்ந்த தீர்க்கதரிசி. கேபார் கால்வாயோரம், தெல் அவிவ் என்ற குடியிருப்பில் இருந்தவர். (அந்தப் பெயரைத்தான் 1910இல் மத்தியதரைக் கடற்கரையின் புதிய நகரம் எடுத்துக்கொண்டது. கதிரின் மேடு என்று எபிரேயக் காதுக்குக் கேட்கும் அது, பாபிலோனியர்களின் அக்காடிய மொழியில் வெள்ளம் அழித்த பழைய மேடு என்று பொருள் தரும் தொடர்.) தன் தரிசனங்களுக்கெல்லாம் மிகக் கவனமாகத் தேதி போடுபவர் எசேக்கியேல். கி.மு. 593 முதல் 571 வரை போகும் அந்தத் தேதிகள் அத்தனையும் எண்கள். ஒரு பாபிலோனியப் பெயர்கூட இல்லை.

கி.மு. 539இல் பாரசீக அரசன் கோரேஸ் பாபிலோனைப் பிடித்து, யூதர்கள் ஊர் திரும்ப வழி விட்டார். 520இல் எருசலேமில் பேசிய ஆகாய் தீர்க்கதரிசி ஆறாம் மாதம், ஏழாம் மாதம், ஒன்பதாம் மாதம் என்கிறார். அதே காலத்தில் அதே ஊரில் பேசிய சகரியாவிடம்தான் மாற்றம் தெரிகிறது: பாரசீக அரசன் தாரியுவின் இரண்டாம் ஆண்டு, ஷெவாத் மாதமாகிய பதினோராம் மாதம், இருபத்துநாலாம் தேதி. கி.மு. 519. சாலொமோனின் கோயில் கணக்கை நகலெடுத்தவர் செய்த அதே வேலை இங்கேயும் நடக்கிறது. அங்கே வழக்கொழிந்த பெயருக்கு எண் தேவைப்பட்டது. இங்கே புதிதாக வந்த பெயர் எண்ணின் துணையோடு உள்ளே வருகிறது.

அப்புறம் நெகேமியா. சூசானில் பாரசீக அரண்மனையில் அரசனுக்குப் பானம் கொடுக்கும் அதிகாரி. கி.மு. 445. அவர் தன் குறிப்புகளில் கிஸ்லேவ் மாதம் என்கிறார், நிசான் மாதம் என்கிறார், எருசலேமின் மதில் எலூல் 25இல் கட்டி முடிந்தது என்கிறார். எந்த எண் விளக்கமும் இல்லை. தமிழ் பைபிளில் கிஸ்லேயு என்று நாம் படிப்பது இந்த மாதத்தைத்தான். அவருக்கு அது அலுவலக மொழி. ஆனால் அதே நெகேமியா நூலில், எஸ்றா என்ற வேத அறிஞர் மக்கள் முன் மோசேயின் நியாயப்பிரமாணத்தை வாசிக்கும் காட்சி வரும்போது மாதம் எண்ணுக்குத் திரும்பிவிடுகிறது: ஏழாம் மாதம் முதல் தேதி.

இதைவிடத் துல்லியமான சான்று எஸ்றா நூலின் 6ஆம் அதிகாரம். அதன் முற்பகுதி அரமேய மொழியில் இருக்கிறது. கோயில் திரும்பக் கட்டப்பட்டு அதார் மாதம் மூன்றாம் தேதி முடிந்தது என்று பெயரோடு சொல்கிறது. நாலே வசனம் தள்ளி, 19ஆம் வசனத்தில் மொழி எபிரேயத்துக்கு மாறுகிறது, பேச்சு பஸ்காவுக்குப் போகிறது. உடனே தேதி முதலாம் மாதம் பதினாலு என்று ஆகிறது. கட்டட வேலை, அரசாணை, அரமேயம் என்றால் பெயர். பண்டிகை, வேதம், எபிரேயம் என்றால் எண். ஒரே பக்கத்தில் இரண்டு வழக்கும் அருகருகே நிற்கின்றன.

நைல் நதித் தீவிலிருந்து ஒரு சாட்சி

பெயர்கள் சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்களோடுதான் வந்தன என்றால், பாபிலோனுக்கே போகாத யூதர்களுக்கு அவை தெரிந்திருக்கக் கூடாது. எகிப்தின் தென்கோடியில், இன்றைய அஸ்வான் அருகே, எலிஃபன்டைன் என்ற தீவில் ஒரு யூதப் படைக் குடியிருப்பு இருந்தது. பாரசீக அரசன் கம்பீசஸ் எகிப்துக்கு வந்த 525க்கு முன்பே தங்கள் கோயில் அங்கே இருந்ததாக அவர்களே ஒரு மனுவில் எழுதியிருக்கிறார்கள். அதாவது, பாபிலோனியப் பெயர்கள் எருசலேமில் வேர் பிடிப்பதற்கு முன்பே எகிப்தில் நிலைகொண்டவர்கள்.

அவர்களுடைய அரமேயப் பத்திரங்கள் பாப்பிரஸில் அப்படியே கிடைத்திருக்கின்றன. கி.மு. 471ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்று, பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவரிடையே சுவர் கட்டுவது பற்றிய உடன்படிக்கை. அதன் முதல் வரி: எலூல் 18, அதாவது பகோன்ஸ் 28, அரசன் செர்க்செஸின் 15ஆம் ஆண்டு. பகோன்ஸ் எகிப்திய மாதம். உள்ளூருக்கு ஒரு தேதி, அரசாங்கத்துக்கு ஒரு தேதி. யூதரின் பழைய எண் மாதம் அதில் எங்கும் இல்லை.

இந்தக் குடியிருப்பு எலூலை யாரிடம் கற்றது? பாரசீகப் பேரரசிடம். பாரசீகர்களுக்குச் சொந்த மாதப் பெயர்கள் இருந்தன. தாரியு பெகிஸ்தூன் மலைப் பாறையில் தன் வெற்றிகளைப் பாரசீக மொழியில் பொறித்தபோது அவற்றைத்தான் போட்டார். ஆனால் பேரரசின் மேற்குப் பகுதி முழுவதும் ஆட்சி மொழி அரமேயம். அந்த அரமேய எழுத்தர்கள் கையாண்டது பாபிலோனிய நாள்காட்டி. நைல் முதல் யூப்ரடீஸ் வரை எந்த ஊரில் பத்திரம் எழுதினாலும் அதுதான் தேதி. ரபி ஹனினாவின் வாக்கியத்தோடு இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பேன். பெயர்களைத் தூக்கி வந்தவர்கள் திரும்பி வந்தவர்கள்தான். ஆனால் அவற்றை நிலைக்க வைத்தது இருநூறு ஆண்டுப் பாரசீக நிர்வாகம்.

காதால் வந்த சொற்கள்

பாபிலோனிய வரிசை இப்படிப் போகும்: நிசன்னு, ஐயாரு, சிமானு, துஊசு, அபு, எலூலு, தஷ்ரீது, அரஹ்சம்னு, கிஸ்லீமு, தெபேது, ஷபாது, அத்தாரு. எபிரேயப் பெயர்களைப் பக்கத்தில் வைத்தால் உறவு உடனே தெரியும். ஆனால் சிமானு எப்படி சீவான் ஆனது, கிஸ்லீமு எப்படிக் கிஸ்லேவ் ஆனது? பிற்காலப் பாபிலோனியப் பேச்சில் உயிரெழுத்துகளுக்கு நடுவே வரும் மகரம் வகரமாக ஒலித்தது. ஆப்பெழுத்தில் பழைய வழக்கப்படி மகரம்தான் எழுதுவார்கள், வாயில் வருவது வகரம். யூதர்களின் எழுத்தில் ஏறியது வாயில் வந்த ஒலி. பலகையைப் படித்துக் கற்ற பெயர்களாக இருந்தால் சீமான் என்று வந்திருக்கும். சந்தையிலும் வயலிலும் காதால் கேட்டதால் சீவான்.

இந்த ம, வ குழப்பத்தின் உச்சம் மார்ஹெஷ்வான். அக்காடியத்தில் வரஹ் என்றால் மாதம், சம்னு என்றால் எட்டாவது. எட்டாம் மாதம். சொல்லின் தொடக்கத்தில் இருந்த வகரம் மகரமாகி, நடுவில் இருந்த மகரம் வகரமாகி மார்ஹெஷ்வான் பிறந்தது என்பது மொழியியலாளர்கள் பொதுவாகத் தரும் விளக்கம். எட்டாம் மாதம் என்று சொந்த மொழியில் எண்ணிக்கொண்டிருந்தவர்கள், அதே எட்டாம் மாதத்தை வேற்று மொழியில் பெயராக வாங்கிக்கொண்டார்கள்.

காலப்போக்கில் மூலப் பொருள் மறந்தது. எபிரேயத்தில் மார் என்றால் கசப்பு. இந்த மாதத்தில் பண்டிகை எதுவும் இல்லை, அதனால் கசப்பான ஹெஷ்வான் என்று மக்கள் புதுப் பொருள் கண்டார்கள். மாரைக் கழற்றிவிட்டு வெறும் ஹெஷ்வான் என்றும் சொல்லத் தொடங்கினார்கள். ஆனால் முதல் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ், நோவாவின் வெள்ளம் வந்த மாதத்தைக் கிரேக்கத்தில் எழுதும்போது, எபிரேயர்கள் அதை மர்சுவானே என்பார்கள் என்று குறிக்கிறார். முதலெழுத்து அன்றைக்கே சொல்லின் பிரியாத பகுதி.

நிசான், பாபிலோனியர்களுக்கு முன்பு அந்த நாட்டில் வழங்கிய சுமேரிய மொழியில் முதற்கனியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. முதல் மாதத்துக்குப் பொருத்தமான பெயர். சிமானு என்றால் குறித்த பருவம். அதைச் சுமேரியக் குறியீட்டில் செங்கல் மாதம் என்று எழுதுவார்கள். மழை ஓய்ந்து வெயில் ஏறும் அந்த நாட்களில்தான் மெசபடோமியாவில் செங்கல் அறுப்பார்கள். திஷ்ரிக்கு மூலமான தஷ்ரீது, தொடங்கு என்ற வினையிலிருந்து பிறந்தது. ஏழாம் மாதத்துக்குத் தொடக்கம் என்று பெயரா? பாபிலோனியர்களுக்கு வசந்தத்தில் ஒன்று, இலையுதிரில் ஒன்று என்று ஆண்டில் இரண்டு தொடக்கங்கள் இருந்தன. கெசேர் பலகையும் இலையுதிரில்தான் தொடங்கியது. இன்று வரை யூதர்கள் மாதங்களை நிசானிலிருந்து எண்ணுகிறார்கள், புத்தாண்டான ரோஷ் ஹஷானாவைத் திஷ்ரி முதல் தேதியில் கொண்டாடுகிறார்கள்.

தம்மூஸுக்கு வருவோம். சுமேரியரின் துமுசி, மேய்ச்சல் தெய்வம், இனன்னா தேவியின் கணவன். கோடையில் புல் கருகும்போது அவன் இறந்துபோனதாகப் பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். எசேக்கியேல் தன் தரிசனத்தில் எருசலேம் கோயிலின் வடக்கு வாசலில் பெண்கள் உட்கார்ந்து தம்மூசுக்காக அழுவதைக் காண்கிறார். அதை மகா அருவருப்பான காரியங்களில் ஒன்றாகச் சொல்கிறார். அந்தப் பெயர் யூத நாள்காட்டியில் நாலாம் மாதமாக உட்கார்ந்துவிட்டது. எருசலேம் மதில் உடைந்ததை நினைத்து யூதர்கள் உபவாசம் இருப்பது தம்மூஸ் 17இல். தெய்வம் மறைந்து வெறும் தேதியாக மிஞ்சிய பிறகுதான் அது சாத்தியமாகியிருக்கும். பத்திரத்தின் அடியில் நூறு முறை எழுதிய சொல்லில் தெய்வம் தங்குவதில்லை.

ஏற்றவர்களும் மறுத்தவர்களும்

எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. சாக்கடல் ஓரம் கும்ரான் குகைகளில் சுருள்களை விட்டுச்சென்ற சமூகம் சந்திரனை நம்பாமல் 364 நாள் ஆண்டு வைத்திருந்தது. அவர்களுடைய சடங்கு நாள்காட்டிகளில் முதலாம் மாதம், இரண்டாம் மாதம் என்று எண்தான். எஸ்தர் நூலும் முதலாம் மக்கபேயர் நூலும் நடுவழியில் நிற்கின்றன: முதலாம் மாதமாகிய நிசான், ஒன்பதாம் மாதமாகிய கிஸ்லேவ். பூரிமும் ஹனுக்காவும் இந்த இரண்டு நூல்கள் சொல்லும் நிகழ்ச்சிகளிலிருந்து வந்த பண்டிகைகள் என்பதைப் பார்க்க வேண்டும். பெயர் வந்த பிறகு பிறந்த பண்டிகைகள் பெயரோடு பிறந்தன.

கி.பி. 132இல் ரோமருக்கு எதிராக பார் கோக்பா கிளர்ச்சி வெடித்தது. விடுதலை வேகத்தில் பழைய எபிரேய எழுத்தைத் தூசி தட்டி எடுத்து நாணயங்களில் பொறித்தார்கள். அந்தக் கிளர்ச்சி அரசு தந்த நிலக் குத்தகைப் பத்திரங்கள் பாலைவனக் குகையில் கிடைத்தபோது, அவற்றில் தேதி ஷெவாத் 20, இஸ்ரவேலின் மீட்பின் இரண்டாம் ஆண்டு என்று இருந்தது. எழுத்தைக்கூடப் பழமைக்குத் திருப்ப நினைத்தவர்களுக்கு ஷெவாத் அந்நியமாகத் தோன்றவில்லை. சகரியா விளக்கம் சொல்ல வேண்டியிருந்த சொல், ஆறரை நூற்றாண்டில் வீட்டுச் சொல் ஆகியிருந்தது.

பெயர் பாபிலோனுடையது என்றாலும், மாதத்தை நிர்ணயிப்பதை யூதர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. பன்னிரண்டு சந்திர மாதங்கள் சேர்ந்தால் 354 நாள்; சூரிய ஆண்டுக்குப் பதினொரு நாள் குறையும். ஈடுகட்ட 19 ஆண்டில் ஏழு முறை ஒரு மாதம் கூட்ட வேண்டும் என்ற கணக்கைப் பாபிலோனியர்கள் கண்டிருந்தார்கள். அவர்கள் எலூலையோ அதாரையோ இரட்டிப்பார்கள். யூதர்கள் அதாரை மட்டும். கணக்கு நிரந்தரமாவதற்கு முன்பு, யூதத் தலைவர் ரபன் கமாலியேல் எழுதிய கடிதம் ஒன்றைத் தல்மூத் மரபு காப்பாற்றி வைத்திருக்கிறது. பாபிலோனிலும் மேதியாவிலும் இருக்கும் சகோதரர்களுக்கு அவர் அறிவிக்கிறார்: புறாக் குஞ்சுகள் இன்னும் இளசாக இருக்கின்றன, ஆட்டுக்குட்டிகள் தேறவில்லை, கதிர் பருவம் வரவில்லை, ஆகவே இந்த ஆண்டோடு முப்பது நாள் சேர்க்க எனக்கும் என் தோழர்களுக்கும் நல்லதாகத் தோன்றியது. அவிவ் என்ற பழைய கதிர்தான் பாபிலோனியப் பெயர் கொண்ட நிசான் எப்போது வரலாம் என்று முடிவு செய்தது. முடிவு இஸ்ரவேல் தேசத்து வயலைப் பார்த்து எடுக்கப்பட்டது, பாபிலோனில் இருந்தவர்கள் அதைக் கேட்டு நடந்தார்கள்.

13ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் ஜிரோனா நகரத்து அறிஞர் ரம்பான், அந்நியப் பெயரை ஏற்றதற்கு ஒரு காரணம் தேடினார். எண்ணால் மாதம் சொல்வது எகிப்திலிருந்து வெளியேறியதை நினைவூட்டத்தான்: விடுதலை பெற்ற மாதம் ஒன்று, அதிலிருந்து எண்ணு. ஆனால் எகிப்திலிருந்து கொண்டுவந்த கர்த்தர் என்று இனிச் சொல்லாமல் வடதேசத்திலிருந்து கொண்டுவந்த கர்த்தர் என்று சொல்லும் நாள் வரும் என எரேமியா உரைத்திருக்கிறார். அது நிறைவேறியதால், பாபிலோனிலிருந்து மீண்டதை நினைவில் வைக்க அங்கத்துப் பெயர்களையே வைத்துக்கொண்டோம் என்கிறார். பெயர்கள் நுழைந்த விதத்துக்கு இது வரலாற்று விளக்கம் ஆகாது. ஆனால் இரவல் சொல்லை ஒரு சமூகம் எப்படித் தன்னுடையதாக்கிக்கொள்கிறது என்பதற்கு இதைவிட அழகான சாட்சி எனக்குத் தெரியாது. வாரத்தில் மட்டும் அவர்கள் எண்ணை விடவில்லை. இன்றும் எபிரேயத்தில் ஞாயிறு முதல் நாள், திங்கள் இரண்டாம் நாள். சனிக்கு மட்டும் ஷபாத் என்று பெயர்.

இந்த மாதங்கள் யூதர்களுக்கு மட்டும் சொந்தமாக நின்றுவிடவில்லை. அதே அரமேய வழியாக அவை சிரியப் பாலைவன நகரமான பல்மைராவுக்கும் சிரியக் கிறிஸ்தவர்களுக்கும் போய், அங்கிருந்து அரபுக்கு வந்தன. ஈராக், சிரியா, லெபனான், ஜோர்டானில் பிப்ரவரி ஷுபாத், மார்ச் ஆதார், ஏப்ரல் நிசான், மே அய்யார், ஜூலை தம்மூஸ், ஆகஸ்ட் ஆப், செப்டம்பர் அய்லூல், அக்டோபரும் நவம்பரும் முதல் திஷ்ரீன், இரண்டாம் திஷ்ரீன். துருக்கியிலும் ஏப்ரல் நிசான்தான், ஜூலை தெம்மூஸ்தான். வித்தியாசம் ஒன்றுதான்: அரபியிலும் துருக்கியிலும் அவை அசையாத சூரிய மாதங்கள், யூதர்களிடம் பிறையோடு நகரும் மாதங்கள். 2006 ஜூலையில் இஸ்ரேலுக்கும் ஹெஸ்பொல்லாவுக்கும் நடந்த போரை லெபனானில் தம்மூஸ் போர் என்கிறார்கள். 1973 அக்டோபர் 6இல், யோம் கிப்பூர் அன்று எகிப்தும் சிரியாவும் தாக்கியதில் தொடங்கிய போருக்குச் சிரியாவில் திஷ்ரீன் போர் என்று பெயர். யூத நாள்காட்டியில் அன்று திஷ்ரி 10, ஆண்டு 5734.